மலை மருந்தும் மனித உடலும் – 9: குடலைத் தாண்டித்தான் கல்லீரல்

கொல்லிமலை மூலிகை என்றதும் முடவாட்டுக்கால் கிழங்குதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, மலையிலும் சமவெளியிலும் வரப்போரம் தானாக முளைக்கும் கீழாநெல்லியை. மஞ்சள் காமாலை என்றால் செடியை அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம்.

இந்தச் செடி உலகின் கண்ணில் பட்டது 1988-ல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், காமாலைக்கு ஒரு காரணமான ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்றுமருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், இனம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. சாப்பிட்டவரின் குடலையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏனென்றால், கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. உணவின் சத்தோடு பாக்டீரியாக்களின் நச்சுத் துணுக்குகளும் அதில் வரலாம். குடல்சுவர் இறுக்கமாக இருந்தால் அவை கசிவது குறையும். மது அந்தச் சுவரைத் தளர்த்துகிறது. நச்சு உள்ளே போனதும் கல்லீரலின் காவல் செல்கள் கொதித்தெழுகின்றன. அந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கல்லீரலில் தழும்பு விழுகிறது.

கீழாநெல்லியிலுள்ள ஜெரானின், கொரிலாஜின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறுகளாக்குகின்றன. இவை குடல்சுவரை இறுக்கி அழற்சியைத் தணிப்பதாக விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. நெல்லி, கடுக்காய், மாதுளை ஆகியவற்றின் துவர்ப்புக்கும் இதே வழிதான். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா எல்லோர் வயிற்றிலும் இருப்பதில்லை. ஒரே மருந்தை இருவர் குடித்தாலும், ஒருவர் உடலில் யூரோலித்தின் உருவாகும். மற்றவர் உடலில் உருவாகாது.

நல்ல பாக்டீரியாவுக்கு நார்ச்சத்துதான் தீனி. கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக நார்ச்சத்து மிகுந்த சாமை, தினை, கேழ்வரகு விளைவித்துச் சாப்பிட்டார்கள். அந்த விளைநிலங்களில் பல ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறிவிட்டதும், தட்டில் ரேஷன் அரிசி ஏறியதும் எனக்குப் பெரிய கவலை. மூலிகையைக் காப்பாற்றப் பேசுகிறவர்கள் சாமையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மூலிகை என்பதாலேயே எதுவும் கல்லீரலுக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எந்த வகைக் காமாலை என்று தெரியாமல் கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

(தொடரும்)