மாடி ஏரியலுக்கும் எர்த் வேண்டும்

ஐப்பசி பிறந்தால் நமக்குத் தீபாவளி வியாபாரம். வானத்துக்கு இடி மின்னல். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களில்தான் நம் கடைகளில் மூட்டைகள் கூரையைத் தொடும். மாடியில் நிற்கும் ஏரியலை அப்போது யார் நினைக்கிறோம்?

சிற்றலை கேட்பதற்காக மாடியில் கம்பி கட்டி, கல்லா அருகிலுள்ள ரேடியோவில் செருகியிருப்பவர்கள் நம்மில் இன்றும் உண்டு. எங்கள் கடையிலும் இருந்தது. ஒரு மழை இரவில் ரேடியோ ஊமையாகிவிட்டது. மின்னல் கடைமேல் விழவில்லை; எங்கோ தொலைவில் விழுந்தது. பழுது பார்த்தவர், "ஏரியலுக்கு எர்த் கொடுக்கவில்லையா?" என்றுதான் முதலில் கேட்டார்.

காய்ந்த காற்றும் தூசியும் மழைத்துளியும் உரசினாலே கம்பியில் மின்னூட்டம் சேரும். பீங்கானில் கட்டித் தொங்கும் கம்பியிலிருந்து அது இறங்க வழி இல்லை. தூரத்து மின்னலும் கம்பியில் திடீர் மின்னழுத்தத்தைத் தூண்டும். நாம் வழி காட்டாவிட்டால் அது ரேடியோ வழியாக இறங்கும். 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற விஞ்ஞானி, இடிமேகத்தின் மின்சாரத்தை அளப்பதற்காகக் கூரையில் இரும்புக் கம்பி நட்டு, அதைத் தரையோடு சேர்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தார். இடிமழையில் அதன் அருகே நின்றவர் அங்கேயே மாண்டார். எர்த் இல்லாத ஏரியலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

கம்பி கடைக்குள் நுழையும் இடத்துக்கு வெளியிலேயே ஓர் அரெஸ்டர் பொருத்த வேண்டும். ஏரியலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு லட்சம் ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால், மெல்லச் சேரும் மின்னூட்டம் அவ்வப்போது வடிந்துவிடும். எர்த் வயர் வெளிச்சுவர் வழியாக, வளைவில்லாமல், குறுகிய வழியில் தரைக்கு இறங்கட்டும். எண்ணெய் டின், தீப்பெட்டி, சூடம் இருக்கும் பக்கம் அது வரவே கூடாது. இரும்புக் கம்பத்துக்கும் டிஷ்ஷுக்கும் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட வேண்டும்.

பலர் தவறுவது இனிமேல்தான். ஏரியலுக்குத் தனிக் குழி தோண்டி, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கடையின் மின்சார எர்த்தும் இந்த எர்த்தும் தடித்த செம்புக் கம்பியால் இணைந்திருக்க வேண்டும். இல்லையேல் மின்னல் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய மின்னழுத்த வேறுபாடு எழும், ரேடியோவே பாலமாகிவிடும். இந்த வேலையை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விட வேண்டும். குழாயில் கட்டிவிடும் பழைய வழக்கம் பி.வி.சி. குழாய்க்கு உதவாது. உப்புதான் நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று குழியில் கொட்டவும் வேண்டாம். அது மண்ணின் மின்தடையைக் குறைக்கும், இரும்பையும் அரிக்கும்.

நேரடியாக விழும் மின்னலில் ஓடும் மின்சாரம் பல்லாயிரம் ஆம்பியர். அதன்முன் எந்த எர்த்தும் ரேடியோவுக்கு முழு உத்தரவாதம் அல்ல. வானம் கறுக்கும்போதே ஏரியல் வயரையும் பிளக்கையும் உருவிவிட வேண்டும். இடிச் சத்தம் கேட்ட பிறகு அவற்றைத் தொடப் போக வேண்டாம். ரேடியோ போனால் போகட்டும்.