நடையும் உடையும்

ஒருவரை அறிய வேண்டுமாயின் அவருடைய நடை உடை பாவனைகளைப் பார்க்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. இம் மூன்றினுள் நடை என்னும் சொல் பொருள் வளம் மிக்கது. கால்களால் நடப்பதும் நடை, ஒழுக்கமும் நடை, ஓர் எழுத்தாளனை மற்றோர் எழுத்தாளனிடமிருந்து பிரித்துக் காட்டும் தனித்தன்மையும் நடையே. பாடசாலைப் பரீட்சை முடிந்த மறுநாள் தொடங்கும் சிறிய இடைக்காலத்தில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தேடப் புறப்படுவது இந்த நடையைத்தான் என்பது என் எண்ணம். பல்லாண்டுகள் மாணவரோடு பழகிய ஆசிரியன் என்ற உரிமையில் அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாள் முடிந்த சில வாரங்களுள் ஊரிலே தோன்றும் மாற்றங்கள் சுவையானவை. மாதந்தோறும் காதுக்கு மேலே ஒட்ட வெட்டப்பட்ட தலைமயிர் நெற்றியில் விழத் தொடங்குகிறது. இன்னும் அரும்பாத மீசையைக் கண்ணாடியின் முன் நின்று நாளுக்கு நான்கு முறை தடவிப் பார்ப்பவர் உண்டு. இரட்டைப் பின்னலும் வெள்ளை நாடாவுமாக நடந்த சிறுமி, ஒற்றைப் பின்னலோடு கோவில் வீதியில் வருகின்றாள். அவள்தானா என்று ஒரு கணம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளையும் நீலமுமாகத் திரிந்தவர்கள் கறுப்பிலும் சிவப்பிலும் காட்சி தருகின்றனர்.

இவற்றைக் கண்டதும் பெரியோர் சிலருக்கு முகம் சுளிக்கிறது. "படித்த படிப்பெல்லாம் தலைமயிரிலே வந்து முடிந்ததோ?" என்று தெருவிலே நின்று கேட்கின்றனர். அக் கேள்வியில் நான் சேர்வதில்லை. முதலாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை, பதினோர் ஆண்டுகள், அந்தப் பிள்ளை என்ன உடுக்க வேண்டும், எப்படித் தலை வார வேண்டும், எந்த மணிக்கு எழ வேண்டும் என்பதையெல்லாம் பிறரே முடிவு செய்தனர். தானாகத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. அது சட்டையின் நிறத்திலே தொடங்குவதில் வியப்பென்ன? தெரிந்தெடுக்கப் பழகாதவன் நாளை தொழிலையும் துணையையும் கொள்கையையும் எவ்வாறு தெரிந்தெடுப்பான்?

இப்படிச் சொல்வதால் நான் சீருடைக்குப் பகைவன் என்று எவரும் கருத வேண்டா. 1945 ஆம் ஆண்டில் இந் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல்கள் வந்தன. 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. கடைக்காரரின் மகனும் கூலியாளின் மகனும் ஒரே வாங்கில் ஒரே வெள்ளைச் சட்டையோடு அமர்ந்திருக்கும் காட்சி நம் கல்வி வரலாற்றின் நற்பேறுகளுள் ஒன்று. அந்த வெள்ளைத் துணி பல குடும்பங்களின் வறுமையை ஊரார் கண்களிலிருந்து மறைத்து வைத்தது.

ஆனால் பரீட்சை முடிந்ததும் அத் திரை விலகிவிடுகிறது. வசதியுள்ளவன் நகரத்துக் கடைக்குச் செல்கிறான். வசதியற்றவனோ நண்பனின் வீட்டுக் கொண்டாட்டத்துக்கும் பாடசாலை வெள்ளைச் சட்டையையே அணிந்து வருகிறான். பையிலிருந்த சின்னத்தை மட்டும் நூல் பிரித்து எடுத்திருக்கிறான். அந்த இடத்தில் துணியின் நிறம் சற்று அழுத்தமாகத் தெரியும். இதைக் கண்டவர்கள் இளைஞரின் உடை மோகத்தை இலேசாக நகையாட மாட்டார்கள். என் மாணவன் ஒருவன் பரீட்சை முடிந்த மறுவாரமே வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனான். முதற் கூலியில் தாய்க்கு ஒரு பகுதியைக் கொடுத்து, மிச்சத்தில் கருநீலச் சட்டை ஒன்று வாங்கினான். விலையுயர்ந்ததன்று, தோளிலே சற்றுப் பெரிதுங்கூட. ஆயினும் அதை அணிந்து அவன் நடந்த நடையில் முன்னொருபோதும் காணாத நிமிர்வு இருந்தது. அவனுக்கு நடை தந்தது துணி மட்டுமா? உழைத்த கையும் கொடுத்த மனமும் அல்லவா?

இவ் விடத்தில் உலகறிந்த ஒருவரின் இளமை நினைவுக்கு வருகின்றது. 1887 இல் மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் தேறி, மறு ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்ற மோகனதாஸ் காந்திக்கு அப்போது வயது பதினெட்டு. ஆங்கிலக் கனவானாகத் தோன்ற வேண்டும் என்ற ஆவலில் பொண்ட் தெருவிலே பத்துப் பவுண் செலவிட்டு மாலை உடை தைப்பித்தார். உயர்ந்த தொப்பி வாங்கினார். நடனமும் வயலினும் பேச்சுக்கலையும் பயில முற்பட்டார். அந்த மயக்கம் ஏறக்குறைய மூன்று மாதங்கள் நீடித்ததென்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1921 செப்டெம்பரில் மதுரையிலே மேலாடையைத் துறந்து, ஏழைக் குடியானவனின் முழங்கால் அளவு வேட்டியைத் தம் உடையாக்கிக்கொண்டார். பொண்ட் தெருவிலிருந்து மதுரைக்கு வர முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன. அணிந்து பார்க்கவும் அகற்றிப் பார்க்கவும் அவருக்கு இடமிருந்தது. பதினெட்டு வயதிலே அவரைப் பார்த்து, "இவன் உருப்படான்" என்று தீர்ப்பளித்தவன் எவ்வளவு பிழைபட்டிருப்பான்!

அந்தக் காந்தியடிகளை 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் இளைஞர்களே. 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தோன்றிப் பின்னர் வாலிப காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ் வியக்கத்தினர், மேலைநாட்டு உடையே கற்றவனுக்கு அழகு என்றிருந்த நாளில், தேசிய உடையை விரும்பி அணிந்தனர். அவர்களுடைய வேட்டிக்குப் பின்னால் ஒரு கொள்கை நின்றது: நாடு விடுதலை பெற வேண்டும், சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்ற உறுதி. உடை நடையாக உயர்வது இவ்வாறுதான்.

இத்தகைய தேடலுக்கு இன்றியமையாதது ஓய்வு. அதுவே இன்று நம் பிள்ளைகளுக்கு அரிதாகி வருகிறது. முன்னாளில் டிசெம்பரில் பரீட்சை எழுதினால், பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கையில் இருக்கும். நூலகத்துக்குச் செல்வர், தோட்டத்துக்கு நீர் இறைப்பர், நாடகம் பழகுவர், மாமன் வீட்டில் மாதக் கணக்கில் தங்குவர். 2024 இலோ மே மாதம் பரீட்சை முடிந்தது. பெறுபேறு செப்டெம்பர் இறுதியில் வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்னரே, ஜூன் மாதத்தில், உயர்தர வகுப்புகள் ஆரம்பமாயின. காலம் வீணாகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தை நான் மறுக்கவில்லை. எனினும் தனியார் கல்வி நிலையங்கள் அதற்கும் முந்திக்கொள்கின்றன. கடைசி வினாத்தாளின் மை உலருமுன்னே பௌதிகமும் இரசாயனமும் தொடங்கிவிடுகின்றன. தான் யார் என்று ஒரு பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஒரு மாதமேனும் வேண்டாமா?

பெற்றோரிடம் என் வேண்டுகோள் பெரிதன்று. பரீட்சை முடித்து வந்த பிள்ளைக்குச் சில வாரங்களை மனமாரக் கொடுங்கள். தலைமயிரை அளந்து பார்ப்பதை நிறுத்தி, அவன் என்ன வாசிக்கிறான், அவள் எதைப் பற்றிச் சிந்திக்கிறாள் என்று கேளுங்கள். கடன்பட்டு உடை வாங்கிக் கொடுக்கவும் வேண்டா; இல்லாததை இல்லையென்று அன்போடு சொன்னால் விளங்கிக்கொள்ளும் வயது அது.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு சொல். விரும்பிய நிறத்தை உடுங்கள். விரும்பியவாறு தலை வாருங்கள். ஆனால் கைத்தொலைபேசியில் கண்ட நடிகனின் கோலத்தை அப்படியே பூணுவது இன்னொரு சீருடையை அணிவதேயாகும். பாடசாலைச் சீருடையையாவது அரசாங்கம் இலவசமாகத் தந்தது; இதற்கு நீங்களே காசு கொடுக்கின்றீர்கள். உங்கள் நடை உங்கள் வாசிப்பிலும் உழைப்பிலும் பேச்சிலும் பிறக்கட்டும். பெறுபேறு எதுவாயினும், அந்த நடையோடு வருபவரை இவ்வூர் எழுந்து நின்று வரவேற்கும்.