இடுக்குக்குத் திரும்பும் கார்டினல் மீன்

பவளத்திட்டில் பகலில் முக்குளிப்பவர் கார்டினல் மீனைப் பார்க்க விரும்பினால், பாறை குடைந்த இடங்களிலும் குகை வாய்களிலும் டார்ச் அடித்துத் தேட வேண்டும். விரல் நீளமே உள்ள மீன்கள், உடலுக்கு மீறிய பெரிய கண்களோடு, கூட்டமாக அங்கே அசையாமல் நிற்கும். 350க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் இது. பெரும்பாலானவை 10 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை.

அந்தி சாய்ந்ததும் கூட்டம் கலைந்துவிடும். பகலில் மணலுக்குள்ளும் ஆழத்திலும் கிடந்த சின்னஞ்சிறு கூனி வகைகள் இரவில் மேலே வருவதால் அதுவே இவற்றுக்கு வேட்டை நேரம். விடிவதற்குள் திரும்பிவிடும், அதுவும் முந்தைய நாள் தங்கிய அதே இடுக்குக்கு!

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒன் ட்ரீ தீவு என்று ஒரு சிறு தீவு உண்டு. அங்கே இம்மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். பல மீன்கள் தம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. அதே பகுதியில் 2007இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது: திறந்த கடலில் மிதந்து திரிந்த குஞ்சுகள்கூடத் தம் திட்டின் நீரை மணத்தால் அறிந்து நாடின. இத்தனை சிறிய உயிரிடம் இத்தனை கூர்மையான இட உணர்வு இருப்பது என்னைப் பொறுத்தவரை கடலின் பெரிய அதிசயங்களில் ஒன்று.

முட்டைகளைக் காப்பது தந்தை. பெண்மீன் இட்ட முட்டைத் திரளை ஆண்மீன் வாயில் ஏந்திக்கொள்ளும். குஞ்சு பொரியும்வரை இரை எடுக்காது. அவ்வப்போது வாயைத் திறந்து திரளைப் புரட்டி, நல்ல நீர் படச் செய்யும். எல்லாத் தந்தையரும் அப்படியல்ல. வேறு துணை எளிதில் கிடைக்கும் நிலையில் சில ஆண்மீன்கள் முழுத் திரளையும் விழுங்கிவிடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இக்குடும்பத்தில் சிபாமியா என்ற பேரினம் குகைக்குப் பதிலாகக் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையே பகலைக் கழிக்கும். அதன் வயிற்றுப் பக்கத்தில் குடலோடு இணைந்த ஒளியுறுப்பு ஒன்று இருக்கிறது. ஒளி தருவது அதற்குள் வாழும் பாக்டீரியா. நம் ராமநாதபுரத்து மண்டபத்தின் பெயரைத் தாங்கிய போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ்தான் அது. தந்தையின் வாயிலிருந்து வெளியேறும் குஞ்சிடம் இந்தப் பாக்டீரியா இருப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கடல்நீரிலிருந்தே புதிதாகப் பெற்றுக்கொள்கிறது.