வியர்வை சொல்லும் நோய்

மாதக்கணக்கில் நிற்காத இருமல், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா, நன்றாகச் சாப்பிட்டும் தேறாத உடம்பு, எண்ணெய்ப் பசையோடு நாறும் மலம். இத்தனையும் ஒரே குழந்தைக்கு இருந்தால் நம் ஊரில் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ எனப்படும் குழந்தைக் காசநோய் என்றோ ‘வீசிங்’ என்றோ முடிவுகட்டிவிடுவது வழக்கம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபணு நோய் பலருக்கு நினைவுக்கே வராது. அது வெள்ளையர்களின் நோய் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதே காரணம். இந்தியக் குழந்தைகளுக்கும் அது வருகிறது, தேடினால்தான் தெரியும்.

இந்த நோய்க்குக் காரணமான, ஏழாவது குரோமோசோமில் உள்ள மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. அது பழுதானால் செல்களுக்குள் குளோரைடு உப்பு சரியாகப் போய்வராது. மூச்சுக்குழாயில் ஈரம் குறைந்து சளி பசைபோல் இறுகும். அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் திணறும். தேங்கிய சளியில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேற, அழற்சி ஓயாமல் தொடர்ந்து மூச்சுக்குழாய்ச் சுவரை அரித்து விரித்துவிடும். அந்தச் சேதம் பெரும்பாலும் மீளாது. வியர்வைச் சுரப்பியிலோ, உடல் திரும்ப உறிஞ்ச வேண்டிய உப்பு வெளியேறிவிடுகிறது. முத்தமிட்டால் குழந்தையின் நெற்றி உப்புக் கரிப்பது அதனால்தான். இந்த உண்மையை 1953இல் மருத்துவர் டி சான்ட் ஆக்னீஸ் வெளியிட்டார். இன்றைய பரிசோதனைக்கு அடிப்படை அதுவே: முன்கையில் மருந்து வைத்து, லேசான மின்சாரம் செலுத்தி, அரைமணி நேரம் வியர்வை சேகரிப்பார்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் இருப்பதற்கு வலுவான சான்று. ஊசி குத்த வேண்டியதில்லை.

காசநோய் மலிந்த நாட்டில் அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும் என்பார்கள். பார்க்கட்டும், ஆனால் சான்றில்லாமல் தொடங்கிய காசநோய் மருந்தை முடித்தும் தேறாத குழந்தைக்கு அடுத்த கேள்வி எழ வேண்டாமா? கண்டுபிடித்தாலும் பயனென்ன, மருந்து எட்டாத விலையாயிற்றே என்பது இன்னொரு வாதம். 2019இல் அமெரிக்கா அனுமதித்த மூன்று மருந்துக் கூட்டு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாததுதான். எல்லா மரபணுப் பிழைகளுக்கும் அது பொருந்துவதுமில்லை. ஆனால் சளியை வெளியேற்றும் பிசியோதெரபி, உப்புநீர் நெபுலைசர், தக்க ஆன்டிபயாடிக், செரிமானத்துக்கு உணவோடு கணைய நொதி, கோடையில் கூடுதல் உப்பு ஆகியவை எட்டாதவை அல்ல. நுரையீரல் சிதைவதற்கு முன் தொடங்கினால்தான் இவற்றால் முழுப் பயன். இன்னொன்றும் உண்டு: பெற்றோர் இருவரும் இந்த மரபணுப் பிழையைச் சுமந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கமுள்ள தமிழகத்தில், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் இது தெரிந்தாக வேண்டும். ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வியர்வைப் பரிசோதனை கிடைக்கச் செய்வது ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை.