பழைய படமும் நம் கருத்தும்



வீட்டில் அமர்ந்து பழைய திரைப்படம் ஒன்றைப் பார்த்து முடித்ததும் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கருத்தைச் சொல்கிறோம். "அந்தக் காலத்துப் படத்துக்கு ஈடு உண்டா?" என்பார் பெரியவர். "ஒரே அழுகை, ஒரே வசனம்" என்பார் இளையவர். இரண்டும் தீர்ப்புகளே. ஆயினும் முன்னது பெரியவரின் இளமை நினைவைப் பற்றிச் சொல்கிறது. பின்னது இளையவரின் பொறுமையின் அளவைப் பற்றிச் சொல்கிறது. படமோ இருவருக்கும் இடையே கேட்பாரற்று நிற்கிறது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எங்களுக்கு ஒரு முறையைக் கற்பித்தார்கள். மாணவன் விடை சொன்னவுடன் "சரி" என்றோ "தவறு" என்றோ சொல்லிவிடாதே, "எதைக் கொண்டு அவ்வாறு சொல்கிறாய்?" என்று கேள் என்பதே அம்முறை. வகுப்பறையில் பல்லாண்டுகள் பயன்பட்ட அந்த ஒரு கேள்வி, இன்று தொலைக்காட்சியின் முன் அமரும்போதும் எனக்குப் பயன்படுகிறது. "எனக்குப் பிடித்தது" என்பது உணர்ச்சி. அதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. "இது நல்ல படம்" என்பது கருத்து. அதற்குச் சான்று வேண்டும். அச்சான்று படத்தின் உள்ளேயே இருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 1954-ஆம் ஆண்டில் ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' என்னும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில், ஜப்பானியர் சென்னையின் மீது குண்டு வீசியதை ஒட்டி அதன் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளன் ஒருவன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனை அறிந்த ஒவ்வொருவரும் துப்பறியும் அதிகாரியிடம் தத்தம் கதையைச் சொல்கிறார்கள். கொன்றவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. படம் பார்க்கும் இன்பத்தை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு உரிமையில்லை.

அப்படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாட்டுக்காகவே மக்கள் கொட்டகைக்குச் சென்ற காலத்தில் இது பெருந்துணிவு. "இது சிறந்த படம்" என்று நான் வெறுமனே சொன்னால் நீங்கள் அதை ஏற்க வேண்டியதில்லை. "ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் அந்தப் பொறியாளன் வேறு வேறு மனிதனாகத் தோன்றுகிறான். சிவாஜி கணேசன் அந்த வேறுபாட்டைக் குரலிலும் பார்வையிலும் காட்டுகிறார். ஆகவே சிறந்த படம் என்கிறேன்" என்று சொன்னால், நீங்கள் படத்தைப் பார்த்து என்னைச் சோதிக்கலாம். "நாட்டுப்பற்றைப் பற்றிய உரையாடல்கள் சில இடங்களில் சொற்பொழிவாக நீண்டுவிடுகின்றன" என்று நீங்கள் என்னை மறுக்கவும் செய்யலாம். அம்மறுப்பை நான் மகிழ்ந்து ஏற்பேன். மறுப்புக்கு இடம் கொடுப்பதே கருத்து. இடம் கொடாதது கூச்சல்.

சான்று தேடுவதற்கு முன் நாம் சரிபார்க்க வேண்டியவை சில உள. முதலாவது, நம் கண்முன் தெரிவது அந்தப் படந்தானா என்பது. பழைய படங்களின் சட்டம் ஏறத்தாழ 4-க்கு 3 என்னும் அளவினது. இன்றைய தொலைக்காட்சித் திரையோ 16-க்கு 9 என்னும் அளவினது. பழைய படத்தைத் திரை நிறையும்படி பக்கவாட்டில் இழுத்தால், முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். "அக்கால நடிகர்கள் எல்லாரும் பருத்திருந்தார்கள்" என்று சொல்வோர் சிலர் இதையே கண்டிருப்பர்! இழுக்காமல் மேலும் கீழும் வெட்டினால், படத்தின் கால்பகுதி மறைந்துபோகும். பெட்டியின் அமைப்பைச் சரிசெய்து, இருபுறமும் கருப்புப் பட்டை தெரியப் பார்ப்பதே முறை.

இரண்டாவது, படம் பிறந்த சூழல். போர்க் காலத்தில் கச்சாப் படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் கட்டுப்படுத்தியது. நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்கிட்டுப் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாக வரும். மூன்று ஆண்டுத் தீபாவளிகளைக் கண்டதாகப் புகழ்பெற்ற 'ஹரிதாஸ்' 1944-ஆம் ஆண்டில் இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே வெளிவந்தது. மேலும், அக்கால நடிகர் பலர் நாடகக் குழுக்களில் பயின்றவர்கள். கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் கேட்கும்படி பேசப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் ஒலிவாங்கியின் முன்னும் அவர்களை விட்டு எளிதில் நீங்கவில்லை.

சூழலை அறிந்தால் ஒன்று ஏன் அவ்வாறு இருக்கிறது என்பது விளங்கும். அது நன்றா என்னும் கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். ஒருவரின் நிறத்தையோ உடற்குறையையோ எள்ளி நகையாடும் காட்சி பழைய படத்தில் வருமானால், "காலம் அப்படி" என்பது விளக்கமே, மன்னிப்பு ஆகாது. படத்தின் பெருமையையும் அதன் குறையையும் ஒரே மூச்சில் சொல்ல நாம் பழக வேண்டும்.

மூன்றாவது, உடன் பார்ப்பவரின் கண். ஸ்ரீதர் இயக்கி 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை எங்கள் வீட்டில் பார்த்தோம். ஏறக்குறைய முழுக்கதையும் ஒரு மருத்துவமனைக்குள் நடைபெறுவது. நோயுற்ற கணவன், தான் இறந்தால் தன் மனைவியை மணந்துகொள்ளுமாறு, அவளை முன்னர்க் காதலித்த மருத்துவரையே வேண்டுகிறான். பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் என் பேத்தி, "அவள் வாழ்க்கையை இரண்டு ஆண்கள் பேசி முடிவு செய்கிறார்களே, தாத்தா!" என்றாள். என் மனைவியோ, "அவள் பேசாமல் இருக்கிறாளா? கணவன் சொன்னதைத் தாங்காமல் தேவிகா பாடும் காட்சியில் அந்த முகத்தைப் பார். அதுதான் அவள் மறுமொழி" என்றார். இருவரும் படத்துக்குள்ளேயே சான்று காட்டினர். அக்காட்சியை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். பேத்தி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, பாட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் முன்பு காணாத ஒன்றைக் கண்டனர், நானும் கண்டேன்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இதுவே முறை. ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' 1986-ஆம் ஆண்டில் தூரதர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கருநாடகத்தின் ஆகும்பே என்னும் ஊரே அதில் மால்குடியாகக் காட்சி தருகிறது. "மெதுவாகப் போகிறது" என்று இளைஞர் குறை கூறுவதுண்டு. மெதுவாகப் போவது உண்மை. அந்த மெதுவில் ஒரு சிறுவனின் அச்சமும் ஏக்கமும் தெரிகின்றனவா, அன்றி வெறும் நேரமே கழிகின்றதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதன்பின் உங்கள் குறைக்கும் மதிப்பு உண்டு.

"ஒரு சினிமாவுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று நீங்கள் கேட்கலாம். நாளை நீங்கள் வாக்களிக்கப் போகிறீர்கள்; ஒரு மனிதர் குற்றவாளியா என்று ஊரார் பேசும்போது நீங்களும் பேசப் போகிறீர்கள். அங்கே இரவல் கருத்தால் விளையும் தீங்கு பெரிது. திரைப்படத்தைப் பற்றிய பேச்சில் நாம் பிழைபட்டாலும் ஒருவருக்கும் தீங்கில்லை. ஆதலின் பழகுவதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை.

இந்த விடுமுறையில் உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ விரும்பும் பழைய படம் ஒன்றை அவர்களுடன் அமர்ந்து முழுவதும் பாருங்கள். கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். முடிந்தபின் அவர்கள் கருத்தை முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் கருத்தைப் பணிவோடும் அச்சமின்றியும் சொல்லுங்கள். "எதைக் கொண்டு?" என்று அவர்கள் கேட்டால், காட்டுவதற்கு ஒரு காட்சியேனும் உங்களிடம் இருக்கட்டும்.