வைஃபை கடவுச்சொல்லை மாற்றியதும் எல்லாக் கருவிகளும் ஏன் துண்டிக்கப்படுகின்றன?

ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றியதுமே வீட்டிலுள்ள போன், டிவி, பிரிண்டர் அத்தனையும் இணைப்பை இழக்கும். ஏன்?

கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ரவுட்டரும் போனும் கடவுச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து, ஒரு கணக்கை 4,096 முறை திரும்பத் திரும்பப் போட்டு, 256 பிட் சாவியைத் தனித்தனியே உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு நான்கு செய்திகளைப் பரிமாறி, இரண்டிடமும் இருப்பது ஒரே சாவிதான் என்று அதை வெளிக்காட்டாமலே உறுதிசெய்கின்றன. ஓர் எழுத்து மாறினாலும் சாவி முழுவதும் மாறிவிடும். பழைய கடவுச்சொல்லையே வைத்திருக்கும் கருவிகளின் சாவி இனிப் பொருந்தாது, அதனால்தான் அவை துண்டிக்கப்படுகின்றன.

ஆபத்து அந்த நான்கு செய்திகளில்தான். அருகிலிருக்கும் ஒருவர் அவற்றைப் பதிவுசெய்துகொண்டு, தன் கணினியில் லட்சக்கணக்கான சொற்களைப் பொருத்திப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. செல்போன் எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். வெறும் பத்து இலக்கங்கள் இந்தச் சோதனைக்குத் தாங்காது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். 63 எழுத்துகள் வரை இடமுண்டு. 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3, இப்படிப் பதிவுசெய்து ஊகிக்கும் வழியை அடைக்கிறது. ரவுட்டரில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றுவது எளிது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் 192.168.1.1 போன்ற முகவரியை பிரவுசரில் தட்டி உள்ளே நுழையுங்கள். அப்படி நுழைவதற்கான கடவுச்சொல் வேறு, அதையும் மாற்றிவிடுங்கள்.