கோடுகள் எல்லையாவது எப்படி?

கொச்சி மாநகராட்சியில் 74 ஆக இருந்த வார்டுகள், 2025 டிசம்பர் தேர்தலுக்கு முன் 76 ஆயின. பழைய எல்லைகள் மாறியதும், "நம் வீடு இப்போது எந்த வார்டில்?" என்று தேவராவிலும் வாத்துருத்தியிலும் உள்ள நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்டார்கள். வாக்காளர் பட்டியலும் கவுன்சிலர் யார் என்பதும் அதைப் பொறுத்தவை அல்லவா? நிலப்பட மென்பொருள் எழுதுவது என் தொழில். ஆகவே இக்கேள்விக்குக் கணிப்பொறி விடை காணும் வழியைச் சொல்கிறேன்.

வார்டு என்பது நமக்கு ஓர் இடம். கணிப்பொறிக்கோ அது ஒரு மூடிய பலகோணம். ஆனால் அளந்து வருபவை பெரும்பாலும் கோடுகள்தாம். பேரண்டூர் கால்வாய் ஒரு கோடு, ஹார்பர் டெர்மினஸ் செல்லும் ரயில் பாதை ஒரு கோடு, சாலையும் காயற்கரையும் வேறு கோடுகள். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இவற்றிலிருந்து பரப்பை மீட்டெடுக்க வேண்டும்.

ஒரு தாளில் இரண்டு நெடுக்குக் கோடும் இரண்டு குறுக்குக் கோடும் ஒன்றையொன்று தாண்டும்படி போடுங்கள். நடுவில் ஒரு சதுரம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கணிப்பொறிக்குத் தெரியாது. அதனிடம் இருப்பவை நான்கு கோடுகளின் முனைகள் மட்டுமே. வெட்டும் இடத்தை அது கணக்கிட்டு, அங்கே ஒரு புள்ளி வைத்து, கோட்டைத் துண்டாக்க வேண்டும். அப்போது 4 கோடுகள் 12 துண்டுகளாகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 8 துண்டுகள் முட்டுச்சந்துகள். அவற்றை நீக்கினால் 4 மிஞ்சும். அதுவே சதுரம்.

இரண்டாவது வேலை நடை. ஒரு துண்டில் புறப்பட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் இடக்கைப் பக்கம் அதிகம் திரும்பும் வழியையே பிடித்தால், ஒரு பரப்பைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். ஒவ்வொரு துண்டிலும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. உள்பரப்புகள் இடஞ்சுழியாக வரும். மொத்தப் படத்தின் வெளிவிளிம்பு மட்டும் வலஞ்சுழியாக வரும். பரப்பளவுச் சூத்திரத்தில் அதற்குக் கழித்தல் குறி விழுவதால் தள்ளிவிடலாம். வாசலில் சிக்குக்கோலம் போடும் நம் பெண்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. எத்தனை கட்டம் அடைபடும் என்று இழுக்கும்போதே அவர்கள் அறிவார்கள்.

கனடாவில் மார்ட்டின் டேவிஸ் உருவாக்கிய ஜே.டி.எஸ். என்னும் நிரல் தொகுப்பும், அதன் சி++ வடிவமான ஜியாஸும் இந்த வேலையைச் செய்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ்ஸும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் ஜியாஸைத்தான் நம்பியிருக்கின்றன.

சங்கடம் நூலிழை இடைவெளியில்தான் வருகிறது. கால்வாய்க் கோடு சாலையைத் தொடாமல் ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டால் அது முட்டுச்சந்தாகி நீக்கப்படும். இரண்டு வார்டுகள் ஒன்றாகிவிடும். ஒரே கால்வாயை இருவர் தனித்தனியே வரைந்தாலோ, இரு கோடுகளுக்கும் இடையே ஓலைக்கீற்றுப் போல மெலிந்த துண்டுகள் முளைக்கும். அதில் விழும் வீடு இரண்டு வார்டிலும் இருக்கும், அல்லது எதிலும் இராது. குறித்த தூரத்துக்குள் உள்ள முனைகளை ஒன்றாக ஒட்டச் சொல்லலாம். ஆனால் அந்தத் தூரத்தைக் கூட்டினால் வாத்துருத்தி போன்ற நெருக்கமான இடத்தில் ஒரு சந்தே காணாமற்போகும். எவ்வளவு வைப்பது என்பதை இடத்தைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பாலம் வேறு விதம். காயலின் மேல் செல்லும் சாலையை வெட்டுப்புள்ளி வைத்துத் துண்டாக்குவது எல்லை வரைய அவசியம். வழி காட்டும் மென்பொருளிலோ, பாலத்திலிருந்து படகுக்கு இறங்கலாம் என்று சொல்லிவிடும்!

ஊரில் நிலம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் புலப்படங்களைக் கொலாப்லேண்ட் என்ற மென்பொருளில் ஏற்றியிருக்கிறார்கள். பாகப்பிரிவினையில் உட்பிரிவு செய்யும்போது, பிரிக்கும் கோடு இருபக்க எல்லையையும் தொட்டால்தான் ஒரு பலகோணம் இரண்டாகும், தனித்தனிப் பரப்பளவும் வரும். உட்பிரிவு வரைபடம் கைக்கு வந்தால், கோட்டின் இரு முனைகளையும் முதலில் பாருங்கள்.